மைக்கை ஆஃப் பண்ணச் சொன்னா உபத்திரவமா?

கேள்வி: அக்கா, நாங்க அம்பத்தூர்ல இருக்கோம். வெள்ளிக்கிழமை ராத்திரி மொட்டைமாடில ஜெபக்கூட்டம் வைப்போம், பக்கத்து வீட்டுக்காரங்க மைக் சத்தம்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல என்னை 'அல்லேலூயா'ன்னுதான் கூப்பிடறாங்க. வேற வீடு பாக்கப் போனா, பேரைக் கேட்டதும் ஓனர் இல்லைன்னுட்டாரு. இதெல்லாம் உபத்திரவம், அதாவது விசுவாசத்துக்காக நம்மள கொடுமப்படுத்துறதுன்னு பாஸ்டர் சொல்றாரு, சரியா?

பதில்: தம்பி, மூணையும் ஒரே மூட்டையா கட்டிட்டீங்களே. பாஸ்டர் கோச்சுக்கிட்டாலும் சரி, மைக் விஷயம் உபத்திரவம் இல்ல. இதே சென்னையில மாதவரம் ஹைரோடு பக்கம் ஒரு சபை, டிரம்ஸ் கிட்டார் எல்லாம் மைக்ல போட்டு, கம்ப்ளைன்ட் ஆகி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அடுத்தவன் நிம்மதியக் கெடுத்து ஜெபம் பண்ணச் சொல்லி எந்த மதமும் சொல்லலன்னு 2000-ல தீர்ப்பு வந்துச்சு. ராத்திரி 10-ல இருந்து காலைல 6 வரைக்கும் லவுட்ஸ்பீக்கர் கூடாதுங்கறது ஆடி மாசக் கூழு ஸ்பீக்கருக்கும் சேர்த்துதான், அத விட்டுட்டு உங்கள மட்டும் நிறுத்தினா சொல்லுங்க, பேசலாம். மைக்கே இல்லாம கதவ சாத்திட்டு ஜெபம் பண்றப்பவும் ஆள் கூட்டிட்டு வந்து கூடாதுன்னா அப்ப கதையே வேற, மத சுதந்திரம் தர்ற அரசியல் சட்டம் 25-வது பிரிவு உங்க பக்கம் இருக்கு.

ஆபீஸ் கிண்டல்... நான் டைப்பிஸ்ட்டா இருந்தப்ப என்னை 'மாதா கோயில்'னுதான் கூப்பிடுவாங்க, எரிச்சலா வரும், ஆனா இன்கிரிமென்ட் ஒழுங்கா வந்துச்சு. உங்களுக்கு அதுல கை வெச்சாங்கன்னா எழுதுங்க.

வீடு விஷயம்தான் நெஜமான அடி. பேருக்காகவே கதவ சாத்திருக்காங்க. ஆனா தனியார் வீட்டு ஓனர் மேல கேஸ் போட நம்மூர்ல சட்டம் பெருசா உதவாது, இதே அடி முஸ்லிம்களுக்கும் தலித்துகளுக்கும் தினம் விழுது. நம்ம ஆளுங்க மட்டும் யோக்கியமா, திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல தலித் கிறிஸ்தவங்களுக்குன்னு தனியா சுவர் கட்டினது யாரு?

உபத்திரவம்னா கந்தமால். 2008-ல ஒடிசால வீட்டையும் சபையையும் கொளுத்தி, ஜனங்க காட்டுக்குள்ள ஓடி அப்புறம் கேம்ப்ல கெடந்தாங்க, மதம் மாறினாத்தான் ஊருக்குள்ள விடுவோம்னாங்க. வாடகை வீட்டுக்கும் அதே வார்த்தையப் போட எனக்கு மனசு வரல, அதுக்குப் பேரு பாகுபாடு, அதுவும் தப்புதான்.

அடுத்த புரோக்கர்கிட்ட பேரை முதல்லயே சொல்லிடுங்க, அலைச்சலாவது மிச்சம். வெள்ளிக்கிழமை சேரையெல்லாம் கீழ ஹாலுக்கு எறக்கிடுங்க, பக்கத்து வீட்டு அம்மாவ ஒரு எட்டு போய் பாருங்க, அவங்க வீட்ல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை யாராவது இருக்கான்னு மொதல்ல கேளுங்க.