58 வினாடியில் முதல் சுற்று: 800 மீட்டர் எங்கே கைவிட்டுப் போனது?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பள்ளித் திடலில் 800 மீட்டரை 2:08-இல் ஓடுகிறான். மாவட்டப் போட்டியில் 2:16 எடுத்து ஏழாவதாக வந்தான். முதல் 400 மீட்டர் சுற்று 58 வினாடி. கடைசி 200 மீட்டரில் கால் நகரவே இல்லை. ஸ்டேமினா போதாது என்கிறார்கள். ஒருவர் 900 ரிங்கிட் கேட்கிறார். சத்துமாவும் பயிற்சி முகாமும் தந்து, விளையாட்டுப் பள்ளியில் இடமும் வாங்கித் தருவாராம். கட்டலாமா?
- ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: ஒரு காசும் கட்டாதீர்கள். நீங்கள் எழுதிய கணக்கிலேயே காரணம் இருக்கிறது. முதல் சுற்று 58 என்றால் இரண்டாவது 78. இருபது வினாடி வித்தியாசம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91-இல் உலகச் சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. வித்தியாசம் இரண்டரை வினாடிகூட இல்லை. உங்கள் மகன் தன் சக்திக்கு மீறிய வேகத்தில் கிளம்பிவிட்டான், அவ்வளவுதான். போட்டிப் பதற்றத்தில் முதல் 150 மீட்டர் இலேசாகவே தெரியும். அந்த வேகத்தால் தசையில் சேரும் அமிலத்தன்மை 500 மீட்டரைத் தாண்டியதும் காலைப் பிடித்துவிடும். அதற்குமேல் மன உறுதி உதவாது.

அந்த 2:08-ஐயும் சோதித்துப் பாருங்கள். பள்ளித் திடல்களில் கோடு பெரும்பாலும் கண் மதிப்பில் போடப்படுகிறது. உள்கோட்டிலிருந்து 20 செண்டிமீட்டர் வெளியே நாடா பிடித்து அளக்க வேண்டும். 200 மீட்டர் வட்டத்தில் சுற்றுக்கு 4 மீட்டர் குறைந்தால் நாலு சுற்றில் 16 மீட்டர் போய்விடும், அதாவது இரண்டரை வினாடி. ஆகவே இப்போதைக்கு 2:10 என்று இலக்கு வையுங்கள். 200 மீட்டரில் 31 வினாடி, 400-இல் 64, 600-இல் 1:37. இந்த மூன்று எண்களும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஆறு முறை 200 மீட்டர், ஒவ்வொன்றும் 32 வினாடி, இடையில் 200 மீட்டர் மெதுவோட்டம். 29-இல் ஓடிவிட்டு வந்து பெருமைப்பட்டால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. சனிக்கிழமை ஒரே ஒரு 600 மீட்டர், 1:37-க்கு. வேறு மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் செம்பனைத் தோட்டத்துச் சடக்கில் 35 நிமிடம்.

முதல் வளைவு முடியும் வரை அவரவர் தடத்தில்தான் ஓட வேண்டும். வெளித்தடத்தில் நிற்பவர் முன்னால் தெரிவது தடத்தின் அமைப்பால்தான், அவரைத் துரத்தக் கூடாது. தடம் மாறும் கோட்டைத் தாண்டியவுடன் வெடுக்கென்று உள்ளே பாயாமல், எதிர் வளைவை நோக்கிச் சாய்வாகப் போக வேண்டும். வளைவில் இரண்டாம் தடத்தில் ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் 3.8 மீட்டர் கூடுதல். முந்துவதை நேர்த்தடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதெல்லாம் பொருந்தாது. ஓடி முடித்து ஐந்து, பத்து நிமிடம் கழித்து இருமல் வருகிறதா? மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா? நெஞ்சு இறுகுகிறது என்கிறானா? புகைமூட்ட மாதங்களில் இது கூடுகிறதா? அப்படியென்றால் அது ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஓடி முடித்த உடனே எல்லாருக்கும் மூச்சு வாங்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நின்ற பிறகு கூடுகிறதா என்பதைக் கவனியுங்கள். கூடினால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டு இன்ஹேலரை வாங்கி அடித்துப் பார்க்காதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை வேகப் பயிற்சியும் வேண்டாம்.

போட்டி நாளைப் பற்றி என்ன சொல்ல! அட்டவணையில் பத்தரை என்றிருக்கும், ஓட்டம் உச்சி வெயிலில் நடக்கும். பிள்ளைகளை நிழலில்லாத இடத்தில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, கையில் நாசி லெமாக் பொட்டலத்தைக் கொடுப்பார்கள். தேங்காய்ப்பாலும் எண்ணெய்யும் செரிக்க நேரமாகும். இதை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லியும் மாறுவதில்லை, பலன் பிள்ளைகளின் காலில்தான் விடிகிறது. பசியாறல் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, ரொட்டியும் மைலோவும் போதும். தாமதமானால் சாப்பிட பையில் இரண்டு வாழைப்பழம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு குடை.

இனி அந்த 900 ரிங்கிட். விளையாட்டுப் பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை தேர்வுக்குப் போய்த் தன் திறனைக் காட்ட வேண்டும். இடைத்தரகருக்கு அங்கே வேலையே இல்லை. "அதிகாரியைத் தெரியும்" என்பவரிடம் ரசீது கேளுங்கள், முகாம் எந்தத் திடலில், பயிற்றுநர் யார், என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். சத்துமாவு இதைவிட ஆபத்து. உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடலில் என்ன இருந்தாலும் ஓட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்து விதி. டப்பாவை ஏற்கெனவே வாங்கியிருந்தால் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் நல்ல ஓட்டக் காலணி ஒரு ஜோடியும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் வாங்குங்கள். நான்கு வாரம் கழித்து அளந்த திடலில் ஓடவிட்டு, 200, 400, 600 மூன்று இடத்திலும் நேரத்தைக் குறித்து அனுப்புங்கள்.