டோரத்தியின் அசதி

அன்புள்ள அக்கா,

கோவையில் ஓர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச நாளாக ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மயாமியில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் நான்கு பெண்களின் கதை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் பக்கத்தில் வந்து உட்காருவார். பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். ஒரு வருஷமாகவே அசதி, அசதி என்கிறார். ஐம்பத்திரண்டு ஆகிறதே, வயசுதான்.

இந்தத் தொடரைப் பற்றிய துணுக்குகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது இப்போது என் பொழுதுபோக்கு. அம்மா சோஃபியாவாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகள் டோரத்தியாக நடித்த பீ ஆர்தரைவிட வயதில் சின்னவராமே, உண்மையா? பெட்டி வைட்டும் ரூ மெக்லனஹனும் வேடங்களை மாற்றிக்கொண்டார்களாமே? பீ ஆர்தருக்கும் பெட்டி வைட்டுக்கும் ஆகாதாமே? ஏழு சீசனில் நூறு சீஸ்கேக்குக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார்களாம்! எஸ்டெல் கெட்டி வசனம் மறந்து திணறும் காட்சிகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஐந்தாவது சீசன் ஆரம்பத்தில் டோரத்திக்கு உடம்பு சரியில்லாமல் போகும் இரண்டு எபிசோட் மட்டும் ஒரே அழுகையாக இருந்ததால் தாண்டிவிட்டேன். இவ்வளவு நன்றாக ஓடிய தொடரை ஏன் நிறுத்தினார்கள்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கேட்டதற்கெல்லாம் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பீ ஆர்தர் பிறந்தது 1922 மே மாதம். எஸ்டெல் கெட்டி 1923 ஜூலை. ஆக, திரையில் அம்மா, மகளைவிட ஒரு வயதுக்கு மேல் இளையவர். 1985 செப்டம்பரில் தொடர் ஆரம்பித்தபோது கெட்டிக்கு 62 வயது. வெள்ளை விக்கும் மேக்கப்பும் போட்டு அவரை எண்பது வயதுக் கிழவியாக்கினார்கள். வேடம் மாறியதும் உண்மைதான். வீட்டின் மற்ற இரண்டு பெண்கள், ஆண்கள் பின்னால் அலையும் பிளான்ஷும் வெகுளியான ரோஸும். பெட்டி வைட்டை பிளான்ஷாகவும் ரூ மெக்லனஹனை ரோஸாகவும் போடத்தான் முதலில் யோசித்தார்கள். பெட்டி வைட் அதற்கு முன்பே வேறொரு தொடரில் ஆண்களைத் துரத்தும் பெண்ணாக நடித்துப் பேர் வாங்கியிருந்தார், மறுபடியும் அதே மாதிரி வேண்டாம் என்று முதல் எபிசோடை இயக்கிய ஜே சாண்ட்ரிச் இருவரையும் மாற்றிப் போட்டார். நல்ல முடிவு. சீஸ்கேக் கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டு நடிகைகளுக்குள் என்ன உரசல் என்பதிலும் இல்லை. ஏழு வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். உங்கள் ஆபீஸில் இல்லாத உரசலா?

அந்த இரண்டு எபிசோடைத் தாண்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. என் தோழி ஒருத்தி ஆறேழு மாதமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருக்கிறாள். போன வாரம்தான் அவளுக்காக அந்த இரண்டையும் மறுபடி தேடியெடுத்துப் பார்த்தேன். உங்கள் கடிதம் மறுநாள் வந்தது.

1989 செப்டம்பரில் அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஒளிபரப்பான கதை அது. டோரத்தி மாற்று ஆசிரியையாக வேலை பார்ப்பவள், உயரமானவள், குரலாலேயே ஆளை உட்கார வைப்பவள். அவளுக்கு மாதக்கணக்கில் ஃப்ளூ மாதிரி ஏதோ விடாமல் இருக்கிறது. சில நாள் கையைத் தூக்க முடியவில்லை. சில நாள் பேசக்கூடத் தெம்பில்லை. மயாமி டாக்டர்கள் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். நியூயார்க்கில் பெரிய நரம்பியல் நிபுணர் என்று ரோஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த டாக்டர் பட், வயதாகிறது என்கிறார். கப்பல் சுற்றுலா போய்வாருங்கள், முடிக்கு வேறு சாயம் போட்டுப் பாருங்கள் என்கிறார். படிப்பும் பட்டமும் இருக்கிற ஒருவர், எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பியூட்டி பார்லருக்குப் போ என்கிறார், எஸ்.! நீங்கள் தாண்டிப்போனது இதை.

பக்கத்திலேயே ஒரு கிளைக்கதை ஓடும். பிளான்ஷுக்குத் திடீரென்று காதல் நாவல் எழுதும் ஆசை வந்து, நாள்கணக்கில் தூங்காமல் எழுதிப் பித்துப் பிடித்தவள் மாதிரி அலைவாள். வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அவள் களைத்திருப்பது பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. டோரத்தியின் களைப்பு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்த எழுத்தின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். அழுகை மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

எழுதியவர் சூசன் ஹாரிஸ். இந்தத் தொடரை உருவாக்கியவரே அவர்தான். நீங்கள் சேர்த்த துணுக்குகளில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அது எனக்கு வருத்தம். 1972 நவம்பரில் ‘மாட்’ என்ற தொடரில், நாற்பத்தேழு வயதில் கர்ப்பமாகிக் கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கும் பெண்ணின் கதையை இரண்டு எபிசோடாக எழுதியவர் அவர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பைச் சொன்னது அதற்கு இரண்டு மாதம் கழித்து, 1973 ஜனவரியில். மாட் ஆக நடித்தவர் யார் தெரியுமா? இதே பீ ஆர்தர். பக்கத்துவீட்டுத் தோழி விவியன், இதே ரூ மெக்லனஹன். பதினேழு வருஷம் கழித்து அதே எழுத்தாளர், அதே நடிகை, மறுபடியும் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இரண்டு எபிசோட். துணுக்கு சேர்ப்பதென்றால் இதையல்லவா சேர்க்க வேண்டும்?

சூசன் ஹாரிஸே இதே போன்ற நோயால் முடங்கி, டாக்டர்களிடம் அலைக்கழிந்தவர். அந்தக் கோபத்தில்தான் எழுதினார். கடைசியில் டோரத்திக்கு ஒரு நல்ல டாக்டர் கிடைத்து, க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம், அதாவது மாதக்கணக்கில் தீராத அசதி நோய் என்று அவள் நோய்க்குப் பெயர் சொல்கிறார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அந்தப் பெயரை வரையறுத்தது 1988இல், கதை வந்ததற்கு முந்தைய வருஷம். பத்திரிகைகள் அதை ‘யப்பி ஃப்ளூ’, வசதியான இளம் உத்தியோகஸ்தர்களின் ஃப்ளூ, என்று கேலி செய்துகொண்டிருந்த காலம். மருந்து இல்லை, எப்போது குணமாகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் டோரத்தி தோழிகளோடு ரெஸ்டாரண்டுக்குப் போய் ஷாம்பெயின் வாங்கிக் கொண்டாடுகிறாள். இல்லாததை இருப்பதாகச் சொல்கிறாய் என்று இனி யாரும் சொல்ல முடியாதே. அங்கே வேறொரு மேசையில் டாக்டர் பட் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். டோரத்தி எழுந்து போகிறாள்.

போய் என்ன சொல்கிறாள் என்பதை முழுக்க எழுதி உங்களுக்கு அந்தக் காட்சி இல்லாமல் செய்ய மாட்டேன். நான் ஆணாக இருந்திருந்தால் நீங்கள் இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள் என்று ஓரிடத்தில் சொல்வாள். டாக்டர்கள் எல்லோரும் தொழில் ஆரம்பிக்கும்போதே கொஞ்ச காலம் நன்றாக நோயில் விழுந்து பயந்து கிடந்து எழுந்தால், வேறெதிலும் கற்காததைக் கற்பார்கள் என்பாள். கத்த மாட்டாள். அழவும் மாட்டாள். 1988இல் எம்மி என்ற தொலைக்காட்சி விருது வாங்கிய நடிகை பீ ஆர்தர். அடுத்த வருஷத்து இந்தக் காட்சி ஒன்றுக்காகவே இன்னொன்று கொடுத்திருக்கலாம் என்பேன்.

நியூஜெர்சியில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு இந்த இரண்டு எபிசோடும் மனப்பாடம். எழுபது தாண்டிய விதவை. கீழ்த்தளத்தில் அவர், மேலே நான். தொடரின் மறு ஒளிபரப்புகளைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஒரு குளிர்காலத்தில் அவருக்குத் தோள்கள் இரண்டும் பிடித்துக்கொண்டன. காலையில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. நான் வேலைக்குக் கிளம்பும் முன் கீழே போய் அவர் தலையைச் சீவிவிட்டுப் போவேன். டாக்டரிடம் நான்தான் காரில் கூட்டிப்போவேன். அதற்காக அவர் பவுடர் பூசி, லிப்ஸ்டிக் போட்டு, முத்துத் தோடு மாட்டிக்கொண்டு வருவார். கிறுக்குப் பிடித்த கிழவி என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாதாம். டாக்டர் பார்த்துவிட்டு, உங்கள் வயதுக்கு அருமையாக இருக்கிறீர்களே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த முறை எதுவும் பூசாமல், கசங்கின ஸ்வெட்டரோடு வந்தார். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் அந்த அறைக்கு வெளியில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அந்த டாக்டர் விடுமுறையில் போக, அவர் இடத்தில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். காலையில் எழுந்ததும் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, எந்தச் சின்ன லேபிலும் எடுப்பது, அது எகிறியிருந்தது. பாலிமயால்ஜியா ருமேட்டிகா, தோளும் இடுப்பும் வலித்து இறுகிப்போகும் நோய். ஐம்பது வயதுக்கு மேல் வருவது, ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில நாளிலேயே தன் தலையைத் தானே சீவிக்கொண்டார். நான் சீப்போடு போய் நின்றபோது கையைத் தூக்கிக் காட்டினார். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அன்று ராத்திரி கேசட்டைப் போட்டு அந்த ரெஸ்டாரண்ட் காட்சியில் எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். ஆனால் தன் டாக்டரிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினார்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை, இப்போதெல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. டோரத்திக்கு வந்த அதே நோயால் அந்த நாட்டில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை அவதிப்படுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றது. இது மனப்பிரமை கிடையாது, உடம்பை முழுக்கப் பாதிக்கும் கடுமையான நோய் என்று டாக்டர்களுக்கே எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அந்த எபிசோட் வந்து இருபத்தாறு வருஷம் கழித்து.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷமாக அசதி என்கிறார், வயசுதான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு சீஸ்கேக்குக்குப் போய்விட்டீர்கள். டாக்டர் பட் சொன்னதும் அதேதானே! ஐம்பத்திரண்டு ஒரு வயசா? ரோஸுக்கும் டோரத்திக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், நடு ராத்திரியில் எழுந்து கேக் தின்கிறார்கள். உங்கள் அம்மா பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இஎஸ்ஆர் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதிலிருந்து, காலையிலா மாலையிலா, தூங்கி எழுந்தால் தெளிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் அறைக்குள் நீங்களும் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நல்லதுதான். பிள்ளை கூட வந்தாள் என்பதே அவருக்குப் பாதி தெம்பு.

வசனம் மறக்கும் காட்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்டெல் கெட்டிக்குக் கேமரா முன்னால் கடுமையான பயம். பார்வையாளர்களை உட்காரவைத்துப் படம் பிடிக்கும் நாள் நெருங்க நெருங்க வெலவெலத்துப் போவார். வசனங்களை எழுதிக் காட்டும் அட்டை பிறகு வந்தது. உடன் நடித்தவர்கள் பொறுமை இழந்த நாள்களும் உண்டு. பிற்காலத்தில் அவருக்கு லூயி பாடி டிமென்ஷியா என்ற மூளைத் தேய்வு நோய் என்று தெரியவந்தது. 2008 ஜூலையில், எண்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு இறந்தார். அந்தக் காட்சிகளை இனி நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, தொகுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பீ ஆர்தர் போதும் என்று முடிவு செய்தார், அவ்வளவுதான். 1992 மே 9 அன்று வந்த கடைசிக் கதையில் டோரத்தி, பிளான்ஷின் சித்தப்பா முறையில் வரும் லூக்கஸைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். லூக்கஸாக நடித்தவர் லெஸ்லி நீல்சன். மற்ற மூவரும் ‘தி கோல்டன் பேலஸ்’ என்ற புதுத் தொடரில் ஒரு ஹோட்டல் நடத்தினார்கள். அது ஒரே சீசனோடு முடிந்தது. டோரத்தி இல்லாமல் எனக்கு அது ஒட்டவில்லை. நீங்கள் வேண்டுமானால் பாருங்கள், தாண்டிய அந்த இரண்டையும் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த பிறகு.

அன்புடன்,
அக்கா