காட்டுத்தீப் புகை: செயற்கைக்கோள் படத்தை நம்பித் தோட்ட வேலையைத் திட்டமிடலாமா?

கேள்வி: ஐயா, கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். நாலு கறவை மாடும் உண்டு. மாசி, பங்குனியில் மலையில் தீப் பிடித்தால் விடியற்காலையில் புகை தோட்டத்தை மூடிக்கொள்கிறது. கொத்துகளில் சாம்பல் படிகிறது, மாடுகள் இருமுகின்றன. தீயையும் புகையையும் செயற்கைக்கோள் படத்தில் செல்போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். நம்பலாமா? பழம் கெடுமா?

பதில்: பார்க்கலாம், காசும் இல்லை. நாசாவின் 'ஃபர்ம்ஸ்' தளத்தில் தேனி மாவட்டத்தைப் பெரிதாக்கினால் தீ எரியும் இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் 'வன் அக்னி' தளத்தில் பதிந்துகொண்டால் குறுஞ்செய்தியே வரும்.

ஆனால் இந்தத் தீப் புள்ளிகளைப் பதியும், செயற்கைக்கோள்களில் உள்ள 'விர்ஸ்' கருவி காட்டும் ஒரு புள்ளி பக்கத்துக்கு 375 மீட்டர் உள்ள சதுரம். அதற்குள் எங்கோ சூடு இருக்கிறது, அவ்வளவுதான். யாராவது கரும்புச் சோகையைக் கொளுத்தினாலும் புள்ளி விழும். அந்தக் கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். மாலை 4 மணிக்குப் பிடித்த தீ நள்ளிரவு தாண்டித்தான் பதிவாகும். தளத்தில் ஏற இன்னும் 3 மணி நேரம் வரை ஆகலாம். நம் நாட்டு இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் எடுத்தாலும், அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கி.மீ.; சின்னத் தீ அதில் தெரியாது.

புகையைப் பார்க்க நாசாவின் 'வேர்ல்டுவியூ' தளம். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஓரிடத்தில் கிளம்பி விசிறியாக விரிந்தால் புகை. பளிச்சென்ற வெள்ளை மேகம். பழுப்பாக அகலமாய் நகர்வது புழுதி. தரிசு நிலத்தின் மேல் அதைக் கண்டுபிடிப்பது சிரமம்.

உங்கள் ஊருக்கு முக்கியமான சங்கதி வேறு. மதியப் படத்தில் புகை மலைக்கு மேலே எழும்பி விலகிப் போவது போலத்தான் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று கீழே இறங்கும்; புகையும் கூடவே பள்ளத்தாக்குக்கு வரும். மேலே சூடான காற்று மூடியிருப்பதால் வெயில் ஏறும்வரை அது கலையாது. ஆகவே பகலில் மேகமலைச் சரிவில் புள்ளி கண்டால், படத்தில் புகை எந்தப் பக்கம் போனாலும், மறுநாள் காலை உங்களுக்குப் புகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் மருந்தும் அடிக்க வேண்டாம். காற்று அசையாததால் நுண்துளி கீழே படியாமல் மிதந்து, அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

பழத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2019–20 காட்டுத்தீயின்போது அடிபட்டது ஒயின் திராட்சை. புகையின் பீனால் வகைப் பொருள்கள் பழத்துச் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, நொதிக்கும்போது பிரிந்து கருகல் வாடை தரும். கடைக்குப் போகும் பழத்தில் அந்தப் பிரச்சினை குறைவு. ஒயின் ஆலைக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொத்தில் இருப்பது சாம்பல்தானா என்று விரலால் துடைத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் சாம்பல். அடியில் பழுப்பு வலைபோல் தழும்பு இருந்தால் அது சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய். அதற்கு மருந்து வேறு. சாம்பலைக் கழுவுகிறேன் என்று அறுவடை நெருங்கிய கொத்துகளில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், பழம் வெடிக்கும்.

எனக்கென்னவோ புகையைவிட உங்கள் வண்டிப்பாதைப் புழுதிதான் பெரிய தொல்லையாகப் படுகிறது. அதை எந்தக் கோளும் காட்டாது. இலையில் புழுதி படிந்தால் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் குறைந்து, சிலந்தி பெருகும். ஓர வரிசைகளில் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். கோடை முழுக்கப் பாதைக்குத் தண்ணீர் தெளியுங்கள்.

மாடுகளைப் புகை நாளில் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டாம். தண்ணீர் தாராளமாக வையுங்கள், தட்டையிலும் தவிட்டிலும் நீர் தெளித்துப் போடுங்கள். கடும் புகை பட்ட நுரையீரல் தேற 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை தூரம் நடத்தாதீர்கள். வாய் பிளந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் சளி கெட்டியாக வந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.