பதினோரு பிரமிடுகள்

வணக்கம் சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் ‘உலகப் பண்பாடுகள்’ என்று பிள்ளைகளுக்கு ஆய்வுத் திட்டம் கொடுத்தேன். 32 பேரில் 11 பேர் எகிப்து. பதினொன்றும் ஒரே பிரிண்ட் அவுட். ‘பிரமீது’ என்று விழுந்திருந்த எழுத்துப் பிழைகூட பதினொன்றிலும் அப்படியே இருந்தது. இந்த வருடம் நம் மலையிலேயே ஆராயட்டும் என்று நினைத்து, பக்கத்திலுள்ள ஒரு மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு, கூட்டிப்போக 40 கேள்விகள் தயார் செய்தேன். வகுப்பில் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, ‘அங்க போய் என்ன மிஸ் கண்டுபிடிக்கணும்?’ என்றான். குறும்பாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. கேள்விகளை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்வீர்களா? பெயர் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நாற்பதையும் படித்தேன். ‘உங்கள் உணவு என்ன, உடை என்ன, திருமண முறை என்ன’ என்று போகிறது. இதே தாளோடு 32 பேர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? எதையோ சொல்லி அனுப்பிவிடுவீர்கள். அவர்களும் அதைத்தான் செய்வார்கள். பிள்ளைகள் அந்த ‘எதையோ’வை எழுதிக்கொண்டு வருவார்கள். பிரமிடுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மந்து இந்த வருடம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நூறு வருடத்துக்கும் மேலாகத் தோடர்களிடம் யாராவது வந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1901–02இல் வந்த ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேயர் அவர்களில் முக்கியமானவர். படிப்பால் மருத்துவர். அதற்கு முன் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போய், ஆட்களின் வம்சாவளியைக் கேட்டு எழுதப் பழகியிருந்தார். அதே முறையோடு நீலகிரிக்கு வந்தார். தோடர்களைப் பற்றிய அவருடைய தடித்த புத்தகம் 1906இல் வெளிவந்தது.

அந்தப் புத்தகத்திலேயே இரண்டு சங்கடங்களை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இறந்துபோன சொந்தக்காரர்களின் பெயரைத் தோடர்கள் வாயால் சொல்வதில்லை. அதனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு குடும்பத்து ஆளிடம் கேட்டு வாங்கினார். அப்புறம், சடங்கு விஷயங்களை அவரிடம் சொன்னவர்கள் சிலருக்கு நோயும் வீட்டில் சாவும் வந்தன. சொல்லக் கூடாததைச் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்று மற்றவர்கள் பயந்தார்கள், பேச்சு குறைந்துவிட்டது. ஒரு கேள்வியால் கேட்கப்பட்டவருக்கு என்ன ஆகும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. போகாமலே இதைச் சொல்லித்தரலாம்.

ஆனால் அவருடைய முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கெடுதல் இல்லை. சித்தப்பா, மாமா, அத்தை என்ற சொற்களெல்லாம் ஊருக்கு ஊர் பொருள் மாறும் என்பதால் அவர் அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற நாலைந்து உறவை மட்டும் வைத்துக் கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஊர், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை என்று குறித்தார். இதை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் பாட்டியிடம் செய்யட்டும். கோத்தகிரிப் பக்கம் என்கிறீர்கள், வகுப்பில் சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். மூன்றாம் தலைமுறைக்குள் இலங்கையின் ஹட்டனோ பதுளையோ வந்துவிடும், அதற்கும் மேலே போனால் திருச்சியோ சேலமோ புதுக்கோட்டையோ வரும். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று பேசிய கதை, பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தார் என்ற இடத்தில் தொடங்கட்டும். படகர் வீட்டுப் பிள்ளை எந்த ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) எந்த ஹட்டிக்குப் பெண் போயிருக்கிறது என்று வரைந்தால் அது வேறொரு படம். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். சொல்ல விருப்பமில்லாத வீட்டுப் பிள்ளையை மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

‘சரி, உலகம் எங்கே?’ என்று கேட்பீர்கள். உலகம் உருளைக்கிழங்கில் இருக்கிறது. ‘உருளைக்கிழங்கின் வரலாறு’ என்று தலைப்புக் கொடுத்துவிடாதீர்கள், கடைக்காரர் அதற்கும் பிரிண்ட் வைத்திருப்பார். ‘எங்கள் நிலத்தில் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு எந்த வருடம் மாறினோம், ஏன்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். தாத்தா விலை என்பார், பெரியப்பா பூச்சி என்பார், அம்மா ஆள் கிடைக்கவில்லை என்பார். மூன்றையும் எழுதட்டும். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இன்னும் நல்லது, அழித்து ஒன்றாக்க வேண்டாம். பூச்சி என்று அவர்கள் சொல்வதில் ஒன்று, 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழுவாக இருக்கலாம். அந்தப் புழுவின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. கிழங்கின் சொந்த ஊரும் அதுதான்.

ஆண்டிஸில் டிடிகாக்கா ஏரிப் பக்கம் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், கிழங்கை ராத்திரி உறைபனியில் பரப்பி வைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வெயிலில் காயவைப்பார்கள். சூன்யோ என்று பெயர். வருடக்கணக்கில் கெடாது. இப்போது உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் புல் வெளுக்கிற அளவுக்கு உறைபனி விழுகிறதே, நம் மலையில் ஏன் யாரும் இப்படிச் செய்யவில்லை? எத்தனை நாள் பனி விழுகிறது, பகலில் வெயில் எப்படி, மேட்டுப்பாளையம் மண்டி எவ்வளவு தூரம், லாரி எப்போது வந்தது என்று அவர்களே தேடிப் போவார்கள். அயர்லாந்தில் 1845இலிருந்து கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் செத்ததையும் அப்போது சொல்லுங்கள். ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்று, பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்களைப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்காது.

அந்தப் பையனுக்கும் இதுதான் பதில். என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்தால் அவனை எதற்கு அனுப்ப வேண்டும்?

சார்ட், தெர்மாகோல், ஜிகினா எதற்கும் மதிப்பெண் போடாதீர்கள். யாரிடம், எந்தத் தேதியில், எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதற்குப் போடுங்கள். சொன்னவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதியிருந்தால் இன்னொன்று கூடப் போடுங்கள்.

ஒரு விஷயம் கடைசியாக. கல்லூரியில் படிக்கும்போது நானும் ஒரு நோட்டோடு குறும்பர் பழங்குடியினரின் ஊர் ஒன்றுக்குப் போனேன். இரண்டு நாள் பொறுமையாகப் பதில் சொன்ன அம்மா, கிளம்பும்போது, ‘இந்த நோட்ட எங்க வெப்பீங்க?’ என்று கேட்டார். பத்திரமாக வைப்பேன் என்றேன். வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. உங்கள் பிள்ளைகள் எழுதுவதில் ஒரு பிரதியை அந்தந்தப் பாட்டி வீட்டிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் போதும்.