பதிப்புக்குப் பதிப்பு மாறும் ஆவணங்கள்: லிங்க் எங்கே போக வேண்டும்? (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, எங்கள் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் முகப்பில் 2.3 பதிப்பின் ஆவணத்துக்கு லிங்க் இருக்கிறது. ஒவ்வொரு ரிலீசுக்கும் எல்லாப் பக்கத்திலும் தேடித் தேடி மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வழி உண்டா?

பதில்: முகப்பு லிங்கில் பதிப்பு எண்ணே வேண்டாம். டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 'கரன்ட்' என்றும் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 'ஸ்டேபிள்' என்றும் மாறாத முகவரி வைத்திருக்கின்றன. பைத்தானில் வெறும் '3' போதும், அன்றைய நிலையான பைத்தான் 3 ஆவணம் வந்துவிடும். அந்தப் பெயர் எந்தப் பதிப்பைக் காட்ட வேண்டும் என்பதை சர்வரில் ஒரே இடத்தில் மாற்றுங்கள். ரீடைரக்ட் செய்வதானால், அதாவது வந்தவரை வேறு முகவரிக்குத் திருப்புவதானால், தற்காலிக மாற்றம் என்று சொல்லும் 302 குறியீட்டைக் கொடுங்கள். 301 நிரந்தர மாற்றம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, 2.4 வந்த பிறகும் ஆளை 2.3-க்கே கூட்டிப்போகும்.

கேள்வி: அப்படியானால் எல்லா இடத்திலும் 'ஸ்டேபிள்' போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். ரிலீஸ் குறிப்பும் மென்பொருள் காட்டும் பிழைச்செய்தியும் ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் பற்றிப் பேசுகின்றன. 2.3-இல் வரும் பிழைச்செய்தி 'ஸ்டேபிள்' பக்கத்துக்குப் போனால், சில வருடம் கழித்து அதைத் திறப்பவர் தன்னிடம் இல்லாத ஆப்ஷனைப் படித்துக்கொண்டிருப்பார். நடுராத்திரியில் சர்வர் விழுந்து கிடக்கும்போது அவர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். பில்ட் ஆகும்போதே அந்த முகவரியில் பதிப்பு எண் தானாகச் சேரட்டும். ஆவணத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் போகும் லிங்குகளை ரிலேட்டிவாக, அதாவது தளப் பெயரும் பதிப்பு எண்ணும் இல்லாமல், எழுதுங்கள். படிப்பவர் தன் பதிப்பை விட்டு வெளியே போகமாட்டார்.

கேள்வி: ஆவணங்களை வெளியிட உதவும் ரீட் த டாக்ஸ் தளத்தில் 'லேட்டஸ்ட்', 'ஸ்டேபிள்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: 'லேட்டஸ்ட்' வழக்கமாக ரெப்போவின் (கோட் இருக்கும் கிட் களஞ்சியம்) முதன்மைக் கிளை. வெளிவராத வசதிகளும் அதில் இருக்கும். ரெப்போவில் ரிலீசுகளுக்கு இடும் பதிப்பு எண் கொண்ட டேகுகளில் உயர்ந்ததுதான் 'ஸ்டேபிள்'. பயனருக்கு ஸ்டேபிள், பங்களிப்பவருக்கு லேட்டஸ்ட்.

கேள்வி: கூகுளில் தேடினால் எங்கள் பழைய பதிப்பே முதலில் வருகிறது. பழைய ஆவணங்களை அழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தப் பதிப்பை இன்னும் ஓட்டுபவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. பழைய பக்கங்களின் எச்.டி.எம்.எல்-இல் கனானிக்கல் டேக் (இதுதான் முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) வைத்து புதுப் பக்கத்தைக் காட்டுங்கள். மேலே ஒரு எச்சரிக்கைப் பட்டையும் வேண்டும். அதன் லிங்க் *அதே* பக்கத்தின் புதுப் பதிப்புக்குப் போக வேண்டும். முகப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் படிப்பவர் முதலிலிருந்து தேட வேண்டும். போஸ்ட்கிரெஸ் பக்கங்களின் தலைப்பகுதியைப் பாருங்கள், அழகாகச் செய்திருக்கிறார்கள். தேடுபொறி எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் பழையதைத் தடுப்பதும் உதவாது. பக்கத்தையே படிக்க முடியாத கூகுளுக்கு உள்ளே இருக்கும் கனானிக்கல் எப்படித் தெரியும்?

கேள்வி: ஒரு பகுதியின் தலைப்பை மாற்றினோம், ரீடைரக்டும் போட்டோம். ஆனாலும் பழைய லிங்க் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கிறதே?

பதில்: முகவரியில் '#'-க்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போவதே இல்லை. அதனால் சர்வர் ரீடைரக்டால் அதைப் பிரித்துப் பார்த்துத் திருப்ப முடியாது. பழைய ஐடியை ('#'-க்குப் பின்னால் வந்த அந்தப் பெயரை) புதுத் தலைப்புக்கு மேலேயே விட்டுவையுங்கள். ஆவணம் உருவாக்கும் கருவி ஸ்பிங்க்ஸ் என்றால் முக்கியமான தலைப்புகளுக்கு மேல் ஒரு லேபிள் எழுதிவிடுங்கள். பிறகு தலைப்பின் சொற்கள் மாறினாலும் அந்த லேபிளின் ஆங்கர் ('#' லிங்க் போய் நிற்கும் இடம்) அப்படியே இருக்கும். வெளித் தளங்களுக்குப் போகும் உங்கள் லிங்குகளை ஸ்பிங்க்ஸின் 'லிங்க்செக்' ஆங்கரோடு சேர்த்தே சோதிக்கும். ரிலீசுக்கு முன் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.