450 ட்ரோன் சட்டகத்துக்கு 2300 கேவி மோட்டார் பொருந்துமா?

வணக்கம். 450 மி.மீ. ட்ரோன் சட்டகம், 10 அங்குல இறக்கை (ப்ரொப்பெல்லர்), 4எஸ் (தொடராக இணைத்த நான்கு செல்கள் கொண்ட) லிப்போ பேட்டரி, 2300 கேவி மோட்டார் என நீங்கள் தொகுத்த பட்டியலில் மோட்டாரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். கேவி என்பது மோட்டாரின் வலிமையன்று. சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்றுகள் என்பதே அது. 5 அங்குலப் பந்தய ட்ரோனுக்குரிய அந்த மோட்டாரில் 10 அங்குல இறக்கையைப் பூட்டினால், அது அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து, செப்புச் சுருளோ, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியோ கருகிவிடும். (நான் கருக்கிய முதல் மோட்டாரின் வாடை அறையில் இரண்டு நாள் நின்றது.)

2212 அளவில் (ஸ்டேட்டர் 22 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம்) 920 கேவி மோட்டார், 1045 இறக்கை (10 அங்குல விட்டம், 4.5 அங்குலப் பிட்ச்), 30 ஆம்பியர் இஎஸ்சி, 3எஸ் பேட்டரி ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும். மொத்த எடை 1.2 கிலோ வந்தால், அதன் இருமடங்கான 2.4 கிலோ, அதாவது மோட்டாருக்கு 600 கிராம் உந்துவிசையேனும் வேண்டும் என்பதால், மோட்டார் தயாரிப்பாளர் தரும் உந்துவிசை அட்டவணையில் இதே இறக்கைக்கும் மின்னழுத்தத்துக்கும் உரிய வரியைப் பார்த்த பின்னரே வாங்குங்கள். பேட்டரியில், 2200 எம்ஏஎச் (2.2 ஆம்பியர்-மணி) கொள்ளளவும் 25சியும் (கொள்ளளவைப் போல் 25 மடங்கு மின்னோட்டம்) உள்ளது கணக்குப்படி 55 ஆம்பியரே தரும். முழு விசையில் நான்கு மோட்டார்களும் அதைத் தாண்டக்கூடும் என்பதால் 3300 எம்ஏஎச் எடுப்பது நல்லது. மோட்டார்களின் சுழலும் திசையைச் சோதித்து முடிக்கும்வரை இறக்கைகளைப் பூட்ட வேண்டாம்.