கிராமி விழா முதலில் டிவியில் வந்தது எப்போது? வினாடி வினா ஆசிரியைக்கு ஒரு பதில்

"பள்ளியில் வினாடி வினா நடத்துகிறேன். கிராமி விருது விழா முதன்முதலில் தொலைக்காட்சியில் வந்த ஆண்டு எது என்று கேட்டேன். ஓர் அணி 1959 என்றது, இன்னோர் அணி 1971 என்றது. இரண்டு அணிகளும் ஆதாரம் காட்டின. ஏ.ஆர். ரஹ்மான் கிராமி வாங்கியது 2009-இலா 2010-இலா என்பதிலும் இதே தகராறு. எப்படித் தீர்ப்புச் சொல்வது?" என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு இரண்டு அணிகளுக்குமே மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். "நேரலையாக" என்ற ஒரு சொல் கேள்வியில் விடுபட்டதால்தான் இரண்டு விடைகள் முளைத்தன.

முதல் கிராமி விழா 1959 மே 4 அன்று நடந்தது. 1958-இன் இசைத்தட்டுகளுக்கான விருது அது. கலிஃபோர்னியாவில் பெவர்லி ஹில்டன் ஹோட்டலிலும், நியூயார்க்கில் பார்க் ஷெரட்டன் ஹோட்டலிலும் ஒரே இரவில் விருந்து வைத்து 28 விருதுகளைக் கொடுத்தார்கள். கேமரா எதுவும் நேயர்களுக்காகச் சுழலவில்லை. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று இரண்டாவது விழா. இதை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி ஒளிபரப்பியது, ஆனால் நேரலையாக அல்ல. 1959 என்று சொன்ன பிள்ளைகள் பிடித்தது இதைத்தான்.

1960களில் வேறொரு வழக்கம் இருந்தது. வென்றவர்கள் யார் என்பது ஊருக்கே தெரிந்த பிறகு, அவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்த சிறப்பு நிகழ்ச்சியை என்பிசி காட்டும். வென்றவர் பெயர் உள்ள உறையைப் பிரிக்கும் நொடியின் படபடப்பு வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்காது. அந்தப் படபடப்பு வீடுகளுக்குள் வந்தது 1971 மார்ச் 16 அன்றுதான். ஹாலிவுட் பல்லேடியம் அரங்கிலிருந்து ஏபிசி நேரலையாக ஒளிபரப்பியது, பாடகர் ஆண்டி வில்லியம்ஸ் தொகுத்து வழங்கினார். 1973-இல் விழா நாஷ்வில் நகரத்துக்குப் போனபோது ஒளிபரப்பு சிபிஎஸ் கைக்கு மாறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, 2027 முதல் மீண்டும் ஏபிசிக்குத் திரும்புவதாக ஒப்பந்தமாகியிருக்கிறது.

இப்போது ரஹ்மான். இங்கே ஒரே விடைதான், 2010. 'ஸ்லம்டாக் மில்லியனர்' இசைத்தொகுப்பு வெளிவந்தது 2008 கடைசியில். ஆஸ்கர் 2009 பிப்ரவரியில் கிடைத்தது, கிராமி 2010 ஜனவரி 31 அன்று. இவ்வளவு தாமதம் ஏன் என்றால், கிராமியின் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதில்லை. நெடுங்காலம் அக்டோபரில் தொடங்கியது. அந்தக் கோட்டைத் தாண்டி வந்த தொகுப்பு அடுத்த விழாவுக்குப் போய்விடும்.

ஆண்டுச் சண்டையைத் தவிர்க்க நான் கையாளும் வழி எளியது. ஆண்டைக் கேட்காமல் எத்தனையாவது விழா என்று கேளுங்கள். விழா நடந்த ஆண்டிலிருந்து 1958-ஐக் கழித்தால் அந்த எண் வந்துவிடும். 2010 என்றால் 52-ஆவது. விலக்கு ஒன்றே ஒன்று: 1959-இல் இரண்டு விழாக்கள் நடந்துவிட்டதால் 1960-இல் விழாவே இல்லை. கொரோனாவால் 2021, 2022 விழாக்கள் தள்ளிப்போயின என்றாலும் அந்தந்த ஆண்டுக்குள்ளேயே நடந்துவிட்டதால் கணக்குப் பிசகவில்லை.

இந்தக் கழித்தல் நம் ஊர்க் கலைஞர் ஒருவருக்கு மிகவும் தேவைப்படுகிறது. கடம் மேதை விக்கு விநாயக்ராம் பங்குபெற்ற 'பிளானட் டிரம்' தொகுப்புக்குக் கிடைத்த விருதை 1991 என்றே பலர் எழுதுகிறார்கள். தொகுப்பு வந்த ஆண்டு அது. விருது கொடுத்தது 1992-இல், 34-ஆவது விழாவில். உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமி கொடுத்த முதல் விருதே அதுதான்! 66-ஆவது விழாவில், 2024-இல், 'சக்தி' குழு வென்றபோது அவர் மகன் செல்வகணேஷ் அதில் கஞ்சிரா வாசித்தவர். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே 32 விழாக்கள். என்னைக் கேட்டால், 1959-ஆ 1971-ஆ என்பதைவிட இதைத்தான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பேன்.

ஆண்டை அடுத்து அதிகம் தடுமாற வைப்பது, விருது யாருக்கு என்பது. 'ஆண்டின் சிறந்த பதிவு' பாடியவருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒலிப்பதிவுக் கலைஞர்களுக்கும் உரியது. 'ஆண்டின் சிறந்த பாடல்' எழுதி மெட்டமைத்தவருக்கு. முதல் விழாவில் இவை இரண்டையும் இத்தாலிய மொழிப் பாடல் ஒன்றே தட்டிச்சென்றது, இத்தாலியரான டொமெனிக்கோ மொதுன்யோ பாடியது. அன்று ஃபிராங்க் சினாட்ராவுக்குக் கிடைத்த ஒரே விருது பாட்டுக்கே அல்ல, தம்மைக் கண்ணீர் விடும் கோமாளியாகக் காட்டிய இசைத்தட்டு உறையின் கலை இயக்கத்துக்கு.

'ஜெய் ஹோ'வுக்கும் இதே விதி பொருந்தும். திரைப்படப் பாடலுக்கான அந்த விருது எழுதி இசையமைத்தவர்களுக்கானது. ரஹ்மான், குல்சார் ஆகியோரோடு, ஸ்பானிய வரிகளை எழுதிய சென்னைப் பாடகி தன்வி ஷாவுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் விடைத்தாளில் மூன்றாவது பெயர் விடுபட்டிருந்தால் இன்றே சேர்த்துவிடுங்கள்.